விமானத்தில் கோளாறு, மாற்று விமானம் வரும் என்கிறார்கள்: புதிய பயணிகளுக்கு ஒரு வழிகாட்டி

"தொழில்நுட்பக் காரணங்களால் விமானம் புறப்படுவதில் தாமதம் ஏற்பட்டுள்ளது" என்ற அறிவிப்பைக் கேட்டதும், புதிதாகப் பயணம் செய்பவர்கள் கேட்டில் நிற்கும் ஊழியரிடம் ஓடிச்சென்று கேட்பது "எவ்வளவு நேரம் ஆகும்?" என்பதுதான். அந்த நிமிடத்தில் அதற்கான விடை அவரிடம் இருக்காது. விமானத்தின் அடியில் விளக்குடன் நிற்கும் பொறியாளரிடமும் பெரும்பாலும் இருக்காது. அதற்குப் பதிலாக, "இதே விமானத்தைச் சரிசெய்கிறீர்களா, அல்லது வேறு விமானம் ஒதுக்கிவிட்டீர்களா? ஒதுக்கியிருந்தால் அது இப்போது எங்கே இருக்கிறது?" என்று கேளுங்கள். இதற்கு விடை சொல்ல அவரால் முடியும். அடுத்த சில மணி நேரத்தில் நீங்கள் எடுக்கவேண்டிய முடிவுகள் யாவும் அந்த விடையைத்தான் சார்ந்திருக்கின்றன.

அறிவிப்புக்குப் பின்னால் என்ன நடக்கிறது

ஒரு விமானத்தில் எல்லாக் கருவிகளும் வேலை செய்தால்தான் அது பறக்கலாம் என்று விதி எதுவும் இல்லை. எந்தெந்தக் கருவி பழுதாக இருந்தாலும், எந்தெந்த நிபந்தனைகளோடு, எத்தனை நாட்கள் வரை பறக்கலாம் என்பதை விரிவாகச் சொல்லும் ஆவணம் ஒன்று ஒவ்வொரு நிறுவனத்திடமும் உண்டு. குறைந்தபட்சக் கருவிகள் பட்டியல் என்று பொருள்படும் அதனைத் துறையினர் 'எம்இஎல்' என்று சுருக்கமாக அழைப்பார்கள். நாட்டின் விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பின் ஒப்புதல் பெற்ற அந்தப் பட்டியலில், பழுதுகள் வகை பிரிக்கப்பட்டிருக்கும்: பி வகைப் பழுதை 3 நாட்களுக்குள்ளும், சி வகைப் பழுதை 10 நாட்களுக்குள்ளும், டி வகைப் பழுதை 120 நாட்களுக்குள்ளும் நீக்கியாகவேண்டும், ஏ வகைக்கு அந்தந்தப் பழுதின் தன்மைக்கேற்பத் தனிக் கெடு குறிக்கப்பட்டிருக்கும். பட்டியல் அனுமதிக்காத பழுது என்றால், அது சரிசெய்யப்படும் வரை விமானம் நகராது. அவ்வாறு தரையில் முடங்கிய விமானத்தை 'ஏஓஜி' என்பார்கள். அந்த மூன்றெழுத்து நிறுவனத்தின் உதிரிபாகக் கிடங்குகளில் மற்ற வேலைகளையெல்லாம் பின்னுக்குத் தள்ளிவிடும்.

இந்த இடத்தில் பயணிகள் அடிக்கடி எழுப்பும் ஒரு ஐயத்தையும் தீர்த்துவிடலாம். "அரை மணி நேரத்துக்கு முன்பு இதே விமானம் நன்றாகத்தானே வந்து இறங்கியது, இப்போது மட்டும் ஏன் பறக்கக்கூடாது?" என்று சிலர் வாதிடுவதைக் கேட்டிருப்பீர்கள். வானில் இருக்கும்போது ஒரு கருவி பழுதானால், விமானி அதற்கென எழுதப்பட்ட நடைமுறையைப் பின்பற்றிப் பாதுகாப்பாகத் தரையிறங்குவார்; ஏனெனில் வானில் அவருக்கு வேறு வழி இல்லை. தரையிலிருந்து புறப்படும்போதோ வேறு வழி இருக்கிறது, ஆகவே எம்இஎல் குறுக்கே நிற்கிறது. மேலும், பட்டியல் அனுமதித்தாலும் அந்த விமானத்தை ஏற்பதா மறுப்பதா என்று இறுதியாக முடிவு செய்பவர் கேப்டன்தான். வழியில் இடியுடன் கூடிய மேகங்கள் இருக்கும் என்று வானிலை அறிக்கை சொல்லும் நாளில் வானிலை ரேடார் பழுதாக இருக்கும் விமானத்தை அவர் ஏற்கமாட்டார். அதே விமானம், வானம் தெளிவாக இருக்கும் வேறொரு வழித்தடத்தில் அன்றைக்கே சட்டப்படி பறக்கக்கூடும்.

இதிலிருந்து வேறொன்றும் புலப்படும். பழுதான விமானம் உங்களுடையதாகவே இருக்கவேண்டும் என்பதில்லை. நிறுவனத்தின் கட்டுப்பாட்டு மையத்தில் இருப்பவர்கள், 300 பேர் காத்திருக்கும் நீண்டதூரப் பயணத்தைக் காப்பாற்றுவதற்காக, நல்ல நிலையில் நிற்கும் உங்கள் விமானத்தை எடுத்து அங்கே அனுப்பிவிட்டு, உங்களைக் காத்திருக்க வைப்பதும் வழக்கம்தான். கேட்டுக்கு வெளியே ஒரு விமானம் சும்மா நிற்பதைப் பார்த்து "அதில் ஏற்றினால் என்ன?" என்று கோபப்படுவதற்கு முன், அது வேறு யாருக்காகவோ ஒதுக்கப்பட்டிருக்கலாம் என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

முதல் படி: எந்த வகைத் தாமதம் என்று அறிந்துகொள்ளுங்கள்

தொழில்நுட்பத் தாமதங்கள் நடைமுறையில் மூன்று வகைப்படும். பொறியாளர் ஏற்கெனவே விமானத்தில் வேலை செய்துகொண்டிருப்பது முதல் வகை. சக்கரம் மாற்றுவது, ஒரு கணினியை அணைத்து மீண்டும் இயக்குவது, பழுதான பகுதியைப் பட்டியல்படி முடக்கிவைத்துப் பதிவேட்டில் கையெழுத்திடுவது போன்ற வேலைகள் பெரும்பாலும் ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். பழுதைச் சரிசெய்வதற்கு ஆகும் நேரத்தைவிட, செய்ததைச் சோதித்து ஆவணப்படுத்துவதற்கு ஆகும் நேரம் சில வேளைகளில் அதிகம்.

உதிரிபாகத்துக்காகக் காத்திருப்பது இரண்டாம் வகை. நிறுவனத்தின் தலைமைத் தளத்தில் நீங்கள் இருந்தால் அந்தப் பாகம் கிடங்கிலேயே கிடைக்கக்கூடும். நாளைக்கு ஒன்றிரண்டு முறை மட்டுமே அந்த நிறுவனம் வந்துபோகும் ஊரில் இருந்தால், பாகமும் சில வேளைகளில் பொறியாளரும்கூட வேறொரு விமானத்தில் வந்துசேரவேண்டும். "பாகம் வரவழைக்கப்படுகிறது" என்ற சொல் காதில் விழுந்தால், அன்றைய பயணத்தின் மீது பெரிதாக நம்பிக்கை வைக்காமல் மாற்று ஏற்பாடுகளைத் தேடத் தொடங்குங்கள்.

மூன்றாம் வகை, மாற்று விமானத்துக்காகக் காத்திருப்பது. இதைப் பற்றி விரிவாகப் பேசவேண்டியிருக்கிறது.

இவற்றோடு, அறிவிப்புகளின் மொழியையும் புரிந்துகொள்ளவேண்டும். "அடுத்த தகவல் 4.30 மணிக்கு" என்றால் விமானம் 4.30 மணிக்குப் புறப்படும் என்று பொருளல்ல. அந்த நேரத்தில் மீண்டும் பேசுவோம் என்பது மட்டுமே பொருள். புறப்பாட்டுப் பலகையில் ஒரு மணி நேரம், பிறகு இன்னொரு மணி நேரம் என்று நேரம் தவணை முறையில் தள்ளிப்போனால், பழுதின் காரணமே இன்னும் பிடிபடவில்லை என்று கொள்ளலாம். மாறாக, ஒரேயடியாக ஆறு மணி நேரம் தள்ளிவைத்து அறிவித்தால், எரிச்சலாக இருந்தாலும் அது நல்ல அறிகுறியே: யாரோ திட்டம் ஒன்றை வகுத்துவிட்டார்கள்.

மாற்று விமானம் எங்கிருந்து வருகிறது, ஏன் நேரமாகிறது

பெரிய நிறுவனங்கள் தங்கள் தலைமைத் தளத்தில் ஓரிரு விமானங்களை இருப்பில் வைத்திருப்பதுண்டு. ஆனால் பறக்காமல் நிற்கும் விமானம் வருமானம் தராத சொத்து என்பதால் அந்த இருப்பு எப்போதும் மிகக் குறைவாகவே இருக்கும். அது இல்லாதபோது, வேறொரு வழித்தடத்தை முடித்துவிட்டு வரும் விமானத்தை உங்கள் பயணத்துக்குத் திருப்புவார்கள். அதுவும் முடியாவிட்டால், வேறொரு நிறுவனத்திடமிருந்து விமானத்தை விமானிகள், பணியாளர்கள், பராமரிப்பு, காப்பீடு ஆகியவற்றோடு சேர்த்து வாடகைக்கு எடுப்பார்கள். இதற்கு 'வெட் லீஸ்' என்று பெயர். நீங்கள் கேள்விப்பட்டே இராத பெயரும் நிறமும் கொண்ட விமானம் கேட்டுக்கு வந்து நின்றால் திகைக்கவேண்டாம். உங்கள் ஒப்பந்தம் டிக்கெட் விற்ற நிறுவனத்தோடுதான். அதன் பொறுப்பு வாடகை விமானத்தால் குறைந்துவிடுவதில்லை.

விமானம் கிடைத்துவிட்டால் மட்டும் பயணம் கிடைத்துவிடாது. ஏர்பஸ் ஏ320 ஓட்டும் உரிமம் பெற்ற விமானி, அதற்கென்று தனிப் பயிற்சியும் தகுதியும் பெறாமல் போயிங் 737 ஓட்டமுடியாது. எனவே மாற்று விமானம் வேறு வகையாக இருந்தால் மாற்று விமானிகளும் வேண்டும். இரண்டு என்ஜின் விமானம் கடலின் நடுப்பகுதியைக் கடந்து நெடுந்தூரம் பறக்கவேண்டுமானால், அதற்கான தனி அனுமதி அந்தக் குறிப்பிட்ட விமானத்துக்கு இருக்கவேண்டும். இருப்பில் நிற்கும் விமானத்துக்கு அது இல்லையென்றால், அது நின்றபடியே நிற்கும். இவையெல்லாம் சரியாக அமைந்தபிறகு எரிபொருள் நிரப்பவேண்டும், உணவு ஏற்றவேண்டும், பழைய விமானத்தின் வயிற்றிலிருந்து பெட்டிகளை இறக்கிப் புதியதில் ஏற்றவேண்டும், எடைச் சமநிலையைப் புதிதாகக் கணக்கிடவேண்டும், புறப்பாட்டு நேர ஒதுக்கீட்டைப் புதிதாகப் பெறவேண்டும். பக்கத்துக் கேட்டிலேயே மாற்று விமானம் தயாராக நின்றாலும், மாறிப் புறப்பட இரண்டு மணி நேரம் ஆனால் அது சுறுசுறுப்பான வேலைதான்.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய முட்டுக்கட்டை, பணியாளர்களின் பணிநேர வரம்பு. விமானிகளும் பணியாளர்களும் ஒரு நாளில் எவ்வளவு நேரம் தொடர்ச்சியாகப் பணியில் இருக்கலாம் என்பதற்குச் சட்டப்படி உச்சவரம்பு உண்டு; அந்தக் கடிகாரம் விமானம் புறப்படும்போது தொடங்குவதில்லை, அவர்கள் பணிக்கு வந்து பதிவு செய்தபோதே தொடங்கிவிடுகிறது. நான்கு மணி நேரம் பழுது பார்த்து, விமானமும் தயாராகிவிட்ட தறுவாயில், "பணியாளர்களின் நேரம் முடிந்துவிட்டது" என்று சொல்லிப் பயணத்தை ரத்து செய்வது பயணிகளுக்குக் கொடுமையாகத் தோன்றும். ஒருமுறை இரவுப் பயணம் ஒன்றில் நானும் அப்படி நடுவழியில் விடப்பட்டேன். பொறியாளர் கையெழுத்திட்டு முடித்து இருபது நிமிடம்கூட ஆகவில்லை, விமானிகள் தங்கள் பைகளை எடுத்துக்கொண்டு இறங்கிப்போனார்கள். அவர்கள் மீது வந்த கோபம் அடுத்த நாள் வரை நீடித்தது. களைத்துப்போன விமானியோடு பறப்பதைவிட அது மேல் என்று ஒப்புக்கொள்ள எனக்குச் சற்று நாளானது. ஆகவே, கேட்டு ஊழியரிடம் நீங்கள் கேட்கவேண்டிய இரண்டாவது கேள்வி: "இப்போதிருக்கும் பணியாளர்களின் நேரம் எத்தனை மணிக்கு முடிகிறது?" எல்லோரும் இதற்குப் பதில் சொல்லமாட்டார்கள், சொன்னால் அது பொன்னான தகவல்.

மாற்று விமானம் உண்மையில் எங்கே இருக்கிறது என்பதை நீங்களே பார்த்துக்கொள்ளவும் முடியும். ஒவ்வொரு விமானத்துக்கும் வாகனப் பதிவெண் போன்ற ஒரு பதிவுக் குறி உண்டு. விமானத்தின் பின்பகுதியில் அது எழுதப்பட்டிருக்கும். ஃபிளைட்ரேடார்24 போன்ற செயலிகளில் உங்கள் பயண எண்ணைத் தேடினால், ஒதுக்கப்பட்ட விமானத்தின் பதிவுக் குறி பெரும்பாலும் தெரியும். அதைத் தொட்டால் அந்த விமானம் இப்போது எந்த வானில் இருக்கிறது என்பதும் தெரிந்துவிடும். இரண்டு மணி நேரத் தொலைவில் பறந்துகொண்டிருக்கும் விமானம் அரை மணி நேரத்தில் உங்களை ஏற்றிச்செல்லும் என்று பலகை சொன்னால், எதை நம்புவது என்று உங்களுக்கே விளங்கும். ஒதுக்கீடு கடைசி நேரத்திலும் மாறும் என்பதால், இந்தச் செயலியை நம்பி விமான நிலையத்துக்கு மெதுவாகக் கிளம்பலாம் என்று மட்டும் முடிவெடுத்துவிடாதீர்கள். அறிவிக்கப்பட்ட தாமதம் குறைந்து, விமானம் முன்கூட்டியே புறப்பட்டுவிடும் வாய்ப்பும் உண்டு.

இரண்டாம் படி: வரிசையில் நிற்கும்போதே மற்ற வழிகளையும் தட்டுங்கள்

ரத்து என்று அறிவித்தவுடன் எல்லோரும் ஒரே கவுண்டரை நோக்கி ஓடுவார்கள். நீங்களும் வரிசையில் இடம்பிடியுங்கள். ஆனால் நின்றபடியே நிறுவனத்தின் செயலியைத் திறந்து மாற்றுப் பயணம் காட்டுகிறதா என்று பாருங்கள், வாடிக்கையாளர் சேவை எண்ணையும் அழையுங்கள். அடுத்த விமானத்தில் எஞ்சியிருக்கும் இருபது இருக்கைகளுக்கு நூற்றெண்பது பேர் போட்டியிடும்போது, வரிசையின் முன்னால் இருப்பவரைவிடச் செயலியில் முதலில் தொட்டவருக்கே அது கிடைக்கிறது. டிக்கெட்டைப் பயண முகவர் வழியாகவோ இணையத் தளம் வழியாகவோ வாங்கியிருந்தால், நிறுவனமே மாற்றித் தரும் சூழலிலும் சில வேளை "உங்கள் முகவரைக் கேளுங்கள்" என்ற பதில் வரும். புறப்பாட்டு நாளன்று நேர்ந்த இடையூறை விமான நிலையத்திலேயே தீர்க்கும் அதிகாரம் நிறுவன ஊழியருக்கு உண்டு என்பதைப் பணிவாக, ஆனால் விடாமல் சொல்லுங்கள்.

நீங்களே ஒரு தீர்வோடு போவது மிக நல்லது. "ஏதாவது செய்யுங்கள்" என்று கேட்பவரைவிட, "இந்த எண்ணுள்ள விமானத்தில் இடம் இருப்பதாகத் தெரிகிறது, அதில் மாற்றித் தரமுடியுமா?" என்று கேட்பவருக்கு விரைவில் விடை கிடைக்கும். நிறுவனங்களுக்கிடையே ஒருவர் டிக்கெட்டை மற்றவர் ஏற்கும் உடன்பாடு இருந்தால், போட்டி நிறுவனத்தின் விமானத்துக்கும் உங்களை மாற்ற அவர்களால் முடியும்; ஆனால் அவர்களாக அதை முன்வந்து சொல்வது அரிது, நீங்கள்தான் கேட்கவேண்டும்.

இணைப்புப் பயணம் இருந்தால் அதை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள். இரண்டு பயணங்களும் பிஎன்ஆர் எனப்படும் ஒரே முன்பதிவு எண்ணில் இருந்தால், இணைப்பைத் தவறவிட்டாலும் கடைசி ஊர் வரை கொண்டுசேர்ப்பது நிறுவனத்தின் கடமை. தனித்தனியாக வாங்கிய டிக்கெட்டுகள் என்றால், இரண்டாவது நிறுவனத்தின் கண்ணில் நீங்கள் வராமல்போன பயணி மட்டுமே. அந்த டிக்கெட் பெரும்பாலும் வீணாகிவிடும். விலை குறைவு என்று தனித்தனியாக வாங்குபவர்கள் இந்த அபாயத்தையும் சேர்த்தே வாங்குகிறார்கள். இன்னொரு எச்சரிக்கை: முதல் பகுதி தாமதமாகிறது என்று நீங்களாகவே வேறு வழியில் இடைநிலை ஊருக்குப் போய்விட்டால், அதே டிக்கெட்டின் மீதிப் பகுதிகள் தாமாகவே ரத்தாகிவிடும். நிறுவனத்திடம் சொல்லிப் பதிவை மாற்றாமல் எந்தப் பகுதியையும் விட்டுவிடாதீர்கள்.

மூன்றாம் படி: பணமா, பயணமா என்று முடிவெடுங்கள்

ரத்தானால் முழுக் கட்டணத்தைத் திரும்பப் பெறலாம் என்பது பெரும்பாலான நாடுகளின் விதி. கையில் பணம் வருகிறதே என்று அவசரப்பட்டு அதற்கான பொத்தானைத் தொடுபவர்கள் பிறகு வருந்துகிறார்கள். பணத்தைத் திரும்பப் பெற்ற கணத்தில் உங்களை ஊர்சேர்க்கும் கடமையும், சாப்பாடும் தங்குமிடமும் தரும் கடமையும் நிறுவனத்துக்கு முடிந்துபோகின்றன. அன்றைக்கே வேறு டிக்கெட் வாங்கினால் அதன் விலை நீங்கள் திரும்பப் பெற்றதைப்போலப் பல மடங்காக இருக்கலாம். பயணமே தேவையில்லை என்றாகிவிட்டால், அல்லது சாலையிலோ ரயிலிலோ போய்விடக்கூடிய தூரம் என்றால், பணத்தைப் பெறுவது சரி. மற்றபடி மாற்றுப் பயணத்தைக் கேட்பதே நல்லது. பணத்துக்குப் பதிலாக வவுச்சர் தந்தால் அதன் காலாவதித் தேதியைப் படிக்காமல் ஏற்கவேண்டாம்.

சர்வதேசப் பயணத்தில் குடியேற்றச் சோதனையைத் தாண்டியபின் ரத்தானால், வெளியே வருவதற்கு உங்கள் பாஸ்போர்ட்டில் இட்ட வெளியேறும் முத்திரையை ரத்து செய்யவேண்டியிருக்கும். தனியாக வெளியேற முயலாமல் ஊழியர் அழைத்துச்செல்லும் குழுவோடு போங்கள். இடைநிலை நாட்டில் மாட்டிக்கொண்டால், விசா இல்லாமல் வெளியே இருக்கும் ஹோட்டலுக்குப் போகமுடியுமா என்பதை முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

மாற்று விமானத்தில் ஏறுவதற்கு முன்

மாற்று விமானத்தின் இருக்கை அமைப்பு வேறாக இருக்கலாம். உங்கள் கையில் இருக்கும் போர்டிங் பாஸில் உள்ள இருக்கை எண் அங்கே இல்லாமலேயே போகலாம், அல்லது ஜன்னல் இருக்கை நடு இருக்கையாகியிருக்கலாம். செயலியைப் புதுப்பித்துப் பாருங்கள். காகிதப் போர்டிங் பாஸ் என்றால் புதியதைக் கேட்டு வாங்குங்கள். காசு கொடுத்துத் தேர்ந்தெடுத்த இருக்கையோ அதிகக் கால்நீட்டும் இடமோ கிடைக்காவிட்டால் அந்தக் கட்டணத்தைத் திரும்பக் கேட்கலாம். சக்கர நாற்காலி, குழந்தைக்கான தொட்டில், சிறப்பு உணவு, தனியாகப் பயணிக்கும் சிறுவருக்கான உதவி ஆகியவற்றை முன்பதிவு செய்திருந்தால், அந்தக் குறிப்புகள் விமானம் மாறும்போது உதிர்ந்துபோவது சாதாரணம். ஏறும்முன் மீண்டும் ஒருமுறை உறுதிசெய்யுங்கள்.

மாற்று விமானம் சிறியதாக இருந்தால் எல்லோருக்கும் இடம் இருக்காது. அப்போது சலுகை தந்து தாமாக விலகுபவர்களைத் தேடுவார்கள். அவசரமில்லாதவருக்கு அது நல்ல வாய்ப்பு. கைநீட்டும் முன், அடுத்த பயணம் உறுதியான இருக்கையா, அதுவரை உணவும் தங்குமிடமும் உண்டா, தருவது பணமா வவுச்சரா என்ற மூன்றையும் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். உயர் வகுப்பில் பதிவு செய்தவரைக் கீழ்வகுப்பில் உட்காரவைத்தால், ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி தூரத்துக்கேற்ப அந்தப் பகுதிக் கட்டணத்தில் 30, 50 அல்லது 75 விழுக்காட்டைத் திரும்பத் தரவேண்டும்.

விமானத்துக்குள் அமர்ந்தபின் கோளாறு தெரிந்தால்

சில கோளாறுகள் என்ஜின் இயங்கியபிறகுதான் தலைகாட்டும். விமானம் ஓடுபாதையை நோக்கி ஊர்ந்து, நின்று, மீண்டும் கேட்டுக்குத் திரும்பும். விளக்குகளும் குளிர்சாதனமும் ஒரு கணம் அணைந்து எரிந்தால், பெரும்பாலும் கணினிகளை மீண்டும் இயக்கிப் பார்க்கிறார்கள் என்று பொருள். வாலில் உள்ள துணை மின்னாக்கி பழுதாக இருந்தால் தரையில் நிற்கும்வரை கேபின் வெப்பமாக இருக்கும். பறப்பதற்கு அது இடையூறல்ல. நெடுநேரம் கதவை மூடிவைத்தால் தண்ணீர் கேளுங்கள்; அமெரிக்காவில் இரண்டு மணி நேரத்துக்குள் குடிநீரும் சிற்றுணவும் தரவேண்டும், உள்நாட்டுப் பயணத்தில் மூன்று மணி நேரத்துக்குள்ளும் சர்வதேசப் பயணத்தில் நான்கு மணி நேரத்துக்குள்ளும் இறங்க வாய்ப்பளிக்கவேண்டும் என்று விதி இருக்கிறது; பாதுகாப்பு தொடர்பான விதிவிலக்குகளும் அதில் உண்டு.

புறப்பட்டபின் விமானம் திரும்பிவந்தால் அது எப்போதும் ஆபத்தின் அடையாளமல்ல. பழுதைச் சரிசெய்யும் வசதியும் மாற்று விமானமும் இருக்கும் தளத்துக்குத் திரும்புவதையே நிறுவனங்கள் விரும்பும். சில வேளை, தரையிறங்குவதற்கான எடைவரம்புக்குள் வர எரிபொருளைச் செலவழித்தபடி வட்டமடிப்பார்கள். அந்த நேரத்தில் பணியாளர் சொல்வதைக் கேட்டு இருக்கைப் பட்டையோடு உட்கார்ந்திருப்பதைத் தவிர நீங்கள் செய்யவேண்டியது ஒன்றுமில்லை.

ஒரே விமானத்தின் கோளாறு அல்லாமல், ஒரு விமான வகையே தரையில் நிறுத்தப்படுவதும் உண்டு. மின்கலன் தீ காரணமாக 2013 ஜனவரியில் போயிங் 787 விமானங்களும், இரண்டு விபத்துகளுக்குப் பிறகு 2019 மார்ச்சில் 737 மேக்ஸ் விமானங்களும் உலகெங்கும் நிறுத்தப்பட்டன. 2024 ஜனவரி 5 அன்று பறக்கும்போதே ஒரு 737 மேக்ஸ் 9 விமானத்தின் கதவு அடைப்பு (பயன்படுத்தாத கதவுத் திறப்பை மூடும் பலகை) பிய்ந்துபோனபின், அதே அமைப்புக் கொண்ட 171 விமானங்களை அமெரிக்க ஒழுங்குமுறை அமைப்பு நிறுத்திச் சோதிக்க உத்தரவிட்டது. அத்தகைய நாட்களில் மாற்று விமானம் என்பதே கிடையாது. கேட்டில் காத்திருப்பதில் பயனில்லை. உடனே வேறு நிறுவனம், வேறு நாள் என்று தேடுங்கள்.

நான்காம் படி: உங்களுக்கு உரியதைக் கேளுங்கள்

உரிமைகள் நாட்டுக்கு நாடு வேறுபடும், அவ்வப்போது திருத்தப்படவும் செய்யும். ஆகவே பயண நாளில் நடைமுறையில் உள்ள விதியை ஒழுங்குமுறை அமைப்பின் தளத்தில் சரிபாருங்கள். பயணிக்கு மிகவும் சாதகமானது ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 விதி. ஒன்றியத்திலிருந்து புறப்படும் எந்த விமானத்துக்கும், ஒன்றியத்துக்கு வரும் ஐரோப்பிய நிறுவன விமானங்களுக்கும் அது பொருந்தும். ரத்துக்கும், மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதமாகச் சேர்வதற்கும், தூரத்தைப் பொறுத்து 250, 400 அல்லது 600 யூரோ இழப்பீடு உண்டு. "தொழில்நுட்பக் கோளாறு எங்கள் கட்டுப்பாட்டில் இல்லை" என்று நிறுவனங்கள் சொல்லித் தப்பித்த வழியை 2008இல் ஐரோப்பிய நீதிமன்றம் பெருமளவில் அடைத்துவிட்டது: வழக்கமான இயக்கத்தில் எழும் பழுது அசாதாரணச் சூழ்நிலை ஆகாது. பறவை மோதுவதோ அசாதாரணச் சூழ்நிலை என்று 2017இல் அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எனவே காரணம் என்ன என்பதை எழுத்தில் பெறுவதற்கு இங்கே பண மதிப்பு உண்டு. சேர்ந்த நேரம் என்பது சக்கரம் தரையைத் தொட்ட நேரமன்று, குறைந்தது ஒரு கதவு திறக்கப்பட்ட நேரம். மூன்று மணி நேர எல்லைக்கு அருகில் இருந்தால் அந்த நிமிடத்தைக் குறித்துவையுங்கள்.

அமெரிக்காவில் தாமதத்துக்குப் பண இழப்பீடு கிடையாது. ஆனால் உள்நாட்டில் மூன்று மணி நேரத்துக்கு மேலும், சர்வதேசப் பயணத்தில் ஆறு மணி நேரத்துக்கு மேலும் தாமதமாகி, மாற்றை நீங்கள் ஏற்காவிட்டால், பணத்தைத் திரும்பத் தரவேண்டும் என்று 2024இல் வரையறுக்கப்பட்டது. கனடாவின் 2019 விதிகள், பாதுகாப்புக்காகத் தேவைப்பட்ட பழுதுபார்ப்பு என்றால் இழப்பீட்டிலிருந்து விலக்களிக்கின்றன. உணவும் தங்குமிடமும் மாற்றுப் பயணமும் தரும் கடமை அப்போதும் தொடரும். இந்தியாவில், பயண நேரம் இரண்டரை மணி வரையுள்ள விமானம் இரண்டு மணி நேரம் தாமதமானால் உணவு தரவேண்டும். தாமதம் ஆறு மணி நேரத்தைத் தாண்டும் என்றால் மாற்று விமானத்தையோ முழுக் கட்டணத்தையோ பயணி தேர்ந்துகொள்ளலாம்.

எந்த நாடானாலும், உணவுக் கூப்பனும் ஹோட்டலும் தாமாகக் கைக்கு வருவதில்லை, கேட்டவருக்குத்தான் கிடைக்கும். ஊழியர்கள் இல்லாமல் போய்விட்டால், நியாயமான விலையில் நீங்களே ஏற்பாடு செய்துகொண்டு ரசீதுகளை வைத்திருங்கள். ஐந்து நட்சத்திர ஹோட்டலின் ரசீதைப் பிறகு யாரும் மகிழ்ச்சியோடு ஏற்கமாட்டார்கள்.

பெட்டிகளும் ஆவணங்களும்

பயணம் மறுநாளைக்குத் தள்ளிப்போனால் செக்-இன் செய்த பெட்டி திரும்பக் கிடைக்குமா என்று கேளுங்கள். பல வேளைகளில் அது விமான நிலையத்திலேயே தங்கிவிடும். எனவே மருந்துகள், குழந்தைக்கான பொருட்கள், சார்ஜர், ஒரு மாற்றுடை ஆகியவை எப்போதும் கைப்பையில் இருக்கட்டும். வேறு நிறுவனத்துக்கு மாற்றப்பட்டால், பெட்டியும் மாற்றப்பட்டதா என்பதைப் பழைய பெட்டிச் சீட்டைக் காட்டி உறுதிசெய்யுங்கள். சேரும் ஊரில் பெட்டி வரவில்லையென்றால், வெளியேறும் முன்பே நிறுவனத்தின் பெட்டிக் கவுண்டரில் 'பிஐஆர்' எனப்படும் புகார்ப் படிவத்தைப் பதிந்து அதன் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள்.

விமான நிலையத்தை விட்டுக் கிளம்பும் முன், தாமதத்தின் அளவையும் காரணத்தையும் குறிப்பிடும் சான்றிதழ் ஒன்றை நிறுவனத்திடம் கேட்டு வாங்குங்கள். பயணக் காப்பீட்டு நிறுவனங்கள் அது இல்லாமல் பெரும்பாலும் பணம் தருவதில்லை. புறப்பாட்டுப் பலகை, வந்த குறுஞ்செய்திகள், பழைய போர்டிங் பாஸ், புதிய போர்டிங் பாஸ் ஆகியவற்றைப் படமெடுத்து ஒரே இடத்தில் வையுங்கள்.

கோரிக்கையை முதலில் நிறுவனத்துக்கே எழுத்தில் அனுப்புங்கள்: பயண எண், தேதி, பிஎன்ஆர், சேர்ந்த நேரம், எந்த விதியின் கீழ் எவ்வளவு கேட்கிறீர்கள் என்பவை போதும்; பட்ட துன்பத்தை மூன்று பக்கம் எழுதினால், படிப்பவர் தொகையைத் தேடி அலைவார். மறுத்தால் அந்த நாட்டின் ஒழுங்குமுறை அமைப்பிடமோ குறைதீர் அமைப்பிடமோ போகலாம். சர்வதேசப் பயணங்களுக்கு 1999ஆம் ஆண்டின் மாண்ட்ரியல் உடன்படிக்கையும் துணைநிற்கிறது. தாமதத்தால் நேர்ந்த உண்மையான இழப்பை ரசீதுகளோடு காட்டினால், 2024 டிசம்பர் 28 முதல் ஒரு பயணிக்கு 6,303 எஸ்டிஆர் எனப்படும் சர்வதேசக் கணக்கு அலகு வரை நிறுவனம் பொறுப்பாகும். அந்த இழப்பைத் தவிர்க்க நியாயமான எல்லா நடவடிக்கைகளையும் எடுத்ததாக நிறுவனம் மெய்ப்பித்தால் பொறுப்பு நீங்கிவிடும். சேதமடைந்த பெட்டிக்கு 7 நாட்களுக்குள்ளும், தாமதமாக வந்த பெட்டிக்கு அது கைக்கு வந்ததிலிருந்து 21 நாட்களுக்குள்ளும் எழுத்தில் புகார் தரவேண்டும். வழக்குத் தொடுப்பதற்கான கெடு, சேர்ந்த நாளிலிருந்தோ சேர்ந்திருக்கவேண்டிய நாளிலிருந்தோ 2 ஆண்டுகள்.